கடலோர ரிசார்ட் அறையில் ஈரத்தைச் சமாளிக்க

அறைக்குள் நுழைந்ததும் ஏசியை 18 டிகிரிக்கு இறக்காதீர்கள். 24 அல்லது 25 போதும். அறை அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும்போது பால்கனிக் கதவைத் திறந்தால், கடற்காற்றின் ஈரம் தரையிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். டைல்ஸ் வழுக்கும், குழந்தைகள் ஓடும் இடத்தில் இது ஆபத்து. சில விடுதிகளில் கதவில் சென்சார் உண்டு. கதவு திறந்தே கிடந்தால் ஏசி தானாக நின்றுவிடும். பழுது என்று வரவேற்பறையை அழைக்கும் முன் கதவைப் பாருங்கள்.

கேமராவுக்கும் இதே தொல்லைதான். பையின் ஜிப்பைத் திறக்காமலே வெளியே நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுங்கள்; லென்ஸ் மங்காது.

நீச்சலுடையை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், முழுதாகக் காயவே காயாது.