கியூஎஸ் வேலைக்குப் புதிதா? முதலில் ஒரு பீமை அளந்து பழகுங்கள்

சிங்கப்பூரில் குவான்டிட்டி சர்வேயராக (கியூஎஸ்), அதாவது கட்டுமானப் பொருளின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராகச் சேரும் பலர் மென்பொருளை நம்பிக் கையால் அளக்கப் பழகுவதில்லை. மென்பொருள் தவறாக எண்ணினால் அதைக் கண்டுபிடிக்கவும் தெரியாமல் போகிறது.

300 மி.மீ. அகலம், 600 மி.மீ. ஆழம், 6 மீட்டர் நீளத்தில் ஒரு பீம் (தளத்தைத் தாங்கும் உத்திரம்). இருபுறமும் 150 மி.மீ. கனத்தில் ஸ்லாப் (கான்கிரீட் தளம்). ஸ்லாபைப் பீமின் மேலும் சேர்த்துத் தனியாக அளந்துவிட்டால், பீமுக்கு மிச்சம் 450 மி.மீ. ஆழம்தான்: 0.3 × 0.45 × 6 = 0.81 கன மீட்டர். 600 என்று போட்டால் 1.08. இதுபோல் 20 பீம் இருந்தால் 5.4 கன மீட்டர் கான்கிரீட் காகிதத்தில் மட்டுமே ஊற்றப்படும்! ஷட்டரிங்கும் (கான்கிரீட் ஊற்ற அடிக்கும் அச்சுப் பலகை) அப்படியே: இரு பக்கமும் அடியும் சேர்ந்து 1.2 மீட்டர், நீளத்தால் பெருக்கினால் 7.2 சதுர மீட்டர்.

கம்பி எடைக்கு, மி.மீ. விட்டத்தை வர்க்கமாக்கி 162-ஆல் வகுங்கள். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. லேப் நீளம் (இரு கம்பிகளை இணைக்க ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் நீளம்) கணக்கில் அடிக்கடி விட்டுப்போகும்.

அடுத்து பில் வேலை. 2004-ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயம் படியுங்கள். துணை ஒப்பந்தக்காரரின் பேமன்ட் கிளெய்முக்கு (செய்த வேலைக்குப் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை) பதில் தர ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் போட்டிருந்தாலும் 21 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் போடாவிட்டால் 14 நாள்தான். பிடித்தம் செய்தால் காரணத்தையும் கணக்கையும் அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். விவகாரம் தீர்ப்பாளரிடம் போன பிறகு புதுக் காரணம் சொன்னால் பொதுவாக எடுபடாது. சைட் புகைப்படங்களைத் தேதியோடு சேமிப்பது இதற்காகத்தான்.