கோல் கணக்குக்கு முன்னம் பிறந்த திகதி

விடியப்புறம் அஞ்சரைக்கு எழும்பி, கிளிநொச்சியில இருந்து போனில கனடா ஐஸ் ஹொக்கி பாக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு.

எந்த இளம் பெடியன் முன்னுக்கு வருவான் எண்டு கணிக்கேக்க, அவன் எத்தனை கோல் அடிச்சான் எண்டதுக்கு முன்னம் பிறந்த திகதியைப் பாருங்கோ. என்.எச்.எல். எண்ட வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கில, கழகங்கள் வருசா வருசம் இளம் பெடியளை எடுக்கிற வீரர் தெரிவுக்கு செப்டெம்பர் 15க்குள்ள 18 வயது நிரம்ப வேணும். 16ஆம் திகதி பிறந்தவன் அடுத்த வருசம்தான். அதால ஒரே தெரிவில நிக்கிற ரெண்டு பேருக்குள்ள கிட்டத்தட்ட ஒரு வயசு வித்தியாசம் வரும். அந்த வயசில அது பெரிய வளர்ச்சி.

பிறகு, பக் (ஐஸ் ஹொக்கியில அடிக்கிற றப்பர் வட்டு) தன்னட்டை வர முன்னமே தோளுக்குப் பின்னால திரும்பிப் பாக்கிறானா எண்டு கவனியுங்கோ. எங்கட ஊர் உதைபந்தாட்டத்திலயும் நான் முதல் பாக்கிறது அதைத்தான்.

பிந்தி எடுபட்டவனையும் விட்டுடாதேங்கோ. 1998இல 171ஆவதா எடுபட்ட ரஷ்ய வீரர் பாவெல் டட்சுக், என்.எச்.எல். சம்பியனுக்குக் குடுக்கிற ஸ்ரான்லி கிண்ணத்தை ரெண்டு தரம் வெண்டவர்.