வறுமைக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்பது எப்படி? அரசுப் புள்ளிவிவரங்களோடு ஒரு முதல் பயிற்சி

ஒருவர் தனியாக வாழ்கிறார், மாத வருமானம் 18,000. இன்னொரு வீட்டில் ஒரு தாயும் மூன்று சின்னப் பிள்ளைகளும். அங்கே மாத வருமானம் 19,000. வருமானத்தை மட்டும் வரிசைப்படுத்தினால் தனியாள்தான் அடியில் நிற்பார். அந்தத் தாயிடம் போய் "நீங்கள் அவரைவிட வசதியானவர்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வறுமை, குடும்ப வருமானம் பற்றிய புள்ளிவிவர வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு வீடுகளையும் நியாயமாக ஒப்பிடுவதுதான்.

வறுமை விகிதம் என்று நாம் படிக்கும் எண், யாரோ வரிசையாக எடுத்த முடிவுகளிலிருந்து வருவது. அந்த முடிவுகளை ஒரு முறை நாமே எடுத்துப் பார்த்துவிட்டால், பிறகு எந்த அறிக்கையைப் படித்தாலும் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு விரிதாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"வறுமையைப் பற்றி ஆராயப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. "தனிப் பெற்றோர் உள்ள குடும்பங்களில் வாழும் குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள், பத்து ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர்?" என்பது கேள்வி. யாரை எண்ணுகிறோம், எந்தக் காலத்தில், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும்.

படி 2: எந்த வகைத் தரவு என்று முடிவு செய்யுங்கள்

புள்ளிவிவர அலுவலகம் வெளியிடும் அட்டவணைகளிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அட்டவணையில் இல்லாத பிரிவினரைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மூலத் தரவுக்குப் போக வேண்டும். அதாவது, பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை என்று இருக்கும் கோப்பு. பல நாடுகள் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. நாடுகளை ஒப்பிட வேண்டுமானால் பல நாடுகளின் குடும்ப வருமானத் தரவை ஒரே வடிவத்தில் தரும், 1983இல் தொடங்கிய லக்சம்பர்க் வருமான ஆய்வும், உலக வங்கியின் வறுமை, சமத்துவமின்மைத் தளமும் இருக்கின்றன. வரி, உதவித்தொகைப் பதிவேடுகள் மூன்றாவது வகை. அவை துல்லியமானவைதான், ஆனால் வரி கட்டாதவரும் உதவிக்கு விண்ணப்பிக்காதவரும் அவற்றில் இருக்க மாட்டார்கள்.

படி 3: எண்ணைத் தொடும் முன் கேள்வித்தாளைப் படியுங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகிற இடம் இது. நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், தாண்டாதீர்கள்.

காரணத்துக்கு ஒரு உண்மைக் கதை. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வெகுகாலம் உணவுச் செலவைக் "கடந்த 30 நாட்களில் எவ்வளவு?" என்றே கேட்டுவந்தது. 1999-2000இல் நடந்த 55ஆவது சுற்றில், அதே உணவுப் பொருளுக்கு 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் பக்கம் பக்கமாக ஒரே வீட்டில் கேட்டார்கள். அருகருகே இரண்டு கட்டம் இருந்தால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும்படி பதில் வருவது இயல்பு. ஆக, முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட்டு "வறுமை இவ்வளவு குறைந்தது" என்று சொல்ல முடியாத நிலை வந்தது. பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அதைச் சரிசெய்யும் வழிகளைத் தேடி விவாதித்தார்கள். மக்களின் வாழ்க்கை ஒரு பக்கம் இருக்க, ஒரு கேள்வியின் அமைப்பு மாறியதே எண்ணை மாற்றிவிட்டது. அதே நாட்டில் 2022-23 கணக்கெடுப்பில் ஒரே குடும்பத்தை மூன்று தனித்தனி மாதங்களில் போய்ப் பார்த்து, மூன்று கேள்வித்தாள்களில் தகவல் வாங்கினார்கள். அதனால் 2011-12 கணக்கெடுப்பின் எண்ணோடு அதை நேராக ஒப்பிடும்போதும் அதே எச்சரிக்கை தேவை.

கேள்வித்தாளில் முதலில் தேட வேண்டியது இது: கேட்டது வருமானத்தையா, நுகர்வுச் செலவையா? விவசாயமும் தினக்கூலியும் மிகுந்த இடங்களில் வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், செலவு அவ்வளவு ஆடாது. அதனால் அங்கே செலவைக் கேட்பதே வழக்கம். மாதச் சம்பளம் பரவலாக உள்ள நாடுகளில் வருமானத்தைக் கேட்பார்கள். செலவை வைத்துக் கணக்கிட்ட சமத்துவமின்மை பெரும்பாலும் வருமானத்தை வைத்துக் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே தெரியும். ஒரு நாட்டின் செலவுக் கணக்கை இன்னொரு நாட்டின் வருமானக் கணக்கோடு வைத்து "நாங்கள்தான் சமத்துவமானவர்கள்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாரைக் கேட்கவில்லை என்றும் பாருங்கள். குடும்பக் கணக்கெடுப்பு என்றால் கதவு தட்ட ஒரு வீடு வேண்டும். தெருவில் உறங்குபவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள் பொதுவாக அதற்குள் வருவதில்லை. மேல்தட்டிலும் இதே ஓட்டை உண்டு, பெரும் பணக்காரர்கள் கதவைத் திறப்பது அரிது.

படி 4: எந்த வருமானம்?

வறுமையைப் பார்க்க நமக்கு வேண்டியது செலவிடத்தக்க வருமானம்: சம்பளம், சொந்தத் தொழில் லாபம், வாடகை, வட்டி, ஓய்வூதியம், அரசு உதவித்தொகை எல்லாவற்றையும் கூட்டி, நேரடி வரியையும், சமூகப் பாதுகாப்புக்காகப் பிடிக்கப்படும் கட்டாயப் பங்களிப்புகளையும் கழித்தது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குச் சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. குடும்ப வருமானப் புள்ளிவிவரத்துக்கான சர்வதேச நிபுணர் குழுவான கான்பெரா குழுவின் கையேடு அது, இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது.

இந்தத் தேர்வு சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் அதிகாரபூர்வ வறுமைக் கணக்கு, வரிக்கு முந்தைய ரொக்க வருமானத்தை மட்டும் பார்க்கிறது. உணவு உதவியும் வரிச் சலுகையும் அதில் சேராது. கோடி கோடியாகச் செலவழித்து உணவு உதவி கொடுத்தாலும் அந்த விகிதம் அசையாது! அதனால்தான் 2011 முதல் அங்கே இவற்றையும் சேர்த்துப் பார்க்கும் துணை வறுமை அளவீடு ஒன்றையும் தனியாக வெளியிடுகிறார்கள். ஒரு நலத்திட்டம் பலன் தந்ததா என்று ஆராயப் போகிறீர்கள் என்றால், அந்தத் திட்டத்தின் பணம் நீங்கள் எடுத்த வருமானத்துக்குள் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கோப்பைத் திறந்ததும் இன்னொரு வேலை. முதல்முறை நான் போட்ட சராசரி வருமானம் நம்ப முடியாத உயரத்தில் வந்தது. இரண்டு நாள் வாய்பாட்டில் பிழை தேடினேன். கடைசியில் வருமானப் பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியபோது வரிசையாக 9999999 என்று நின்றது. "பதில் சொல்லவில்லை" என்பதற்கான குறியீடு அது. சில கோப்புகளில் இதுவே -8, -9 என்று இருக்கும். குறியீட்டு விளக்கப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவற்றை வெற்றுக் கட்டமாக மாற்றிய பிறகே கூட்டல் கழித்தலுக்குப் போங்கள். ஆனால் எல்லாச் சுழியத்தையும் எதிர்மறை எண்ணையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சொந்தத் தொழிலில் நட்டம் பட்டவருக்கு எதிர்மறை வருமானம் உண்மையாகவே இருக்கலாம்.

படி 5: குடும்ப அளவுக்குச் சமன் செய்யுங்கள்

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். நாலு பேர் வீட்டுக்கு ஓராள் வீட்டைப் போல நாலு மடங்கு பணம் தேவையில்லை, ஒரே விளக்கு, ஒரே அடுப்பு. ஒரு மடங்கும் போதாது. ஐரோப்பாவில் வழக்கத்தில் உள்ள திருத்திய ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) அளவுகோல், முதல் பெரியவருக்கு 1, 14 வயதும் அதற்கு மேலும் உள்ள மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, 14க்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 0.3 என்று வைக்கிறது. ஆறு குடும்பங்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். இவை பயிற்சிக்காக நான் உருவாக்கியவை:

- அ: ஒரு பெரியவர். வருமானம் 18,000 ÷ 1.0 = 18,000
- ஆ: இரு பெரியவர், இரு குழந்தைகள். 42,000 ÷ 2.1 = 20,000
- இ: இரு பெரியவர். 45,000 ÷ 1.5 = 30,000
- ஈ: ஒரு தாய், மூன்று குழந்தைகள். 19,000 ÷ 1.9 = 10,000
- உ: மூன்று பெரியவர், இரு குழந்தைகள். 65,000 ÷ 2.6 = 25,000
- ஊ: இரு பெரியவர். 90,000 ÷ 1.5 = 60,000

தாயின் வீடு இப்போது தெளிவாக அடியில் இருக்கிறது. குடும்ப எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கும் முறையும் உண்டு. எதை எடுத்தாலும் சரி, கடைசிவரை அதையே வைத்திருங்கள். வீட்டுக்குள் பணம் எல்லாருக்கும் சமமாகப் பகிரப்படுகிறது என்ற அனுமானம் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. வீட்டுப் பெண்களின் நிலையை ஆராய்பவர்கள் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

படி 6: எடை போடுங்கள், ஆட்களை எண்ணுங்கள்

மாதிரியில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் நாட்டில் பல குடும்பங்களின் சார்பாக நிற்கிறது. எத்தனை என்பதைக் கோப்பிலேயே எடை என்ற பத்தியில் தந்திருப்பார்கள். நம் ஆறு வீடுகளுக்கும் எடை முறையே 900, 500, 600, 400, 300, 200 என்று வைத்துக்கொள்வோம். வறுமையில் இருப்பது மனிதர்கள் என்பதால், எடையை ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 900, 2000, 1200, 1600, 1500, 400. மொத்தம் 7,600 பேர்.

சமன் செய்த வருமானப்படி கீழிருந்து அடுக்குவோம். 10,000இல் 1,600 பேர். 18,000இல் 900 பேர் சேர்ந்து 2,500. 20,000இல் 2,000 பேர் சேர்ந்து 4,500. பாதியான 3,800ஆவது ஆள் இந்த இடத்தில் வருகிறார். ஆக, இடைநிலை வருமானம் 20,000. சராசரி 22,329 வருகிறது. ஊ வீட்டின் 60,000 அதை மேலே இழுக்கிறது, இடைநிலையை அது அசைப்பதில்லை. வருமான ஆய்வில் இடைநிலையையே பிடித்துக்கொள்வது இதனால்தான்.

படி 7: கோடு போடுங்கள்

இடைநிலையின் 60 சதவீதம் என்பது ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். நமக்கு 12,000. அதற்குக் கீழே ஈ வீடு மட்டும், அதாவது 7,600 பேரில் 1,600 பேர்: 21.1 சதவீதம். எடை போடாமல் வீடுகளை எண்ணியிருந்தால் ஆறில் ஒன்று, 16.7. எடை போட்டும் ஆட்களை விட்டு வீடுகளை எண்ணியிருந்தால் 2,900இல் 400, 13.8. ஒரே தரவு, மூன்று விடைகள். ஏழைக் குடும்பங்களில் தலைகள் அதிகம் என்றால் வீட்டுக்கணக்கு வறுமையைக் குறைத்தே காட்டும்.

இது ஒப்பீட்டுக் கோடு, ஊரோடு சேர்ந்து ஏறி இறங்கும். பிரிட்டனில் 2010-11இல் இடைநிலை வருமானமே இறங்கியது. கோடும் கூடவே இறங்கியதால் ஒப்பீட்டு வறுமையில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததாகக் கணக்கு காட்டியது. அதனால் அவர்களின் வாழ்க்கை மேம்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எனவே பக்கத்திலேயே நிலையான கோடு ஒன்றையும் போடுங்கள்: ஒரு ஆண்டின் கோட்டை எடுத்து, விலைவாசிக்கு மட்டும் திருத்தி, மற்ற ஆண்டுகளுக்கும் அதையே வைப்பது. உலக வங்கியின் தீவிர வறுமைக்கோடு இந்த இனத்தைச் சேர்ந்தது. 2025 ஜூனில் அது நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாறியது. இந்த டாலரைச் செலாவணி விகிதத்தில் மாற்றக் கூடாது, வாங்கும் திறன் சமநிலையில், அதாவது அந்தப் பணம் ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பொருள் வாங்கும் என்பதை வைத்து, மாற்ற வேண்டும். முந்தையது 2017 விலையில், இப்போதையது 2021 விலையில்.

படி 8: ஆழத்தையும் பாருங்கள்

கோட்டுக்கு ஒரு ரூபாய் கீழே இருப்பவரையும் ஒன்றுமே இல்லாதவரையும் விகிதம் ஒன்றாகவே எண்ணுகிறது. அதனால் இடைவெளியையும் கணக்கிடுங்கள். ஈ வீட்டுக்குக் குறைவது 2,000, கோட்டில் ஆறில் ஒரு பங்கு. அதை 21.1 சதவீதத்தால் பெருக்கினால் வறுமை இடைவெளிக் குறியீடு சுமார் 3.5 சதவீதம். பொருளாதார அறிஞர்கள் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் மூவரும் 1984இல் தந்த அளவீட்டு வரிசையில் இது இரண்டாவது, முதலாவது வறுமை விகிதம். ஒரு நலத்திட்டம் மிகவும் அடியில் இருப்பவர்களைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் கோட்டைத் தாண்டவைக்காமல் போகலாம். விகிதத்தில் அது தெரியாது, இடைவெளியில் தெரியும். என்னைக் கேட்டால், இடைவெளி இல்லாத வறுமை அறிக்கை பாதி அறிக்கைதான்.

படி 9: பிழை வரம்பு

மாதிரி என்றாலே ஆட்டம் உண்டு. கணக்கெடுப்பு ஊர்களைக் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால், சாதாரண வாய்பாடு பிழையைக் குறைத்துக் காட்டும். ஆர், ஸ்டேட்டா போன்ற மென்பொருள்களில் அடுக்கு (மாதிரி எடுக்கும் முன் நாட்டைப் பிரித்த பகுதிகள்), கொத்து, எடை மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் சரியான வரம்பு வரும். சின்ன மாவட்டத்துக்கோ சிறு பிரிவுக்கோ இறங்கும்போது, எத்தனை குடும்பங்களிடம் கேட்டார்கள் என்பதை முதலில் எண்ணுங்கள். முப்பது நாற்பது வீடுகளை வைத்து ஒரு மாவட்டத்தின் வறுமையைச் சொல்லிவிடாதீர்கள், அந்த எண்ணை நம்பி யாராவது நிதி ஒதுக்கக்கூடும்.

படி 10: எழுதுங்கள்

முடிவை எழுதும்போது எண்ணை மட்டும் தனியாக விடாதீர்கள். நம் பயிற்சிக்கு நான் எழுதும் வாக்கியம் இது: "வரிக்குப் பிந்தைய, திருத்திய ஓஇசிடி அளவுகோலால் சமன் செய்த குடும்ப வருமானத்தின்படி, இடைநிலையின் 60 சதவீதத்துக்குக் கீழ் 21.1 சதவீத மக்கள் இருக்கிறார்கள், வறுமை இடைவெளி 3.5 சதவீதம், கணக்கு ஆட்களை எண்ணியது, கணக்கெடுப்பு எடைகள் பயன்படுத்தப்பட்டன." நிஜத் தரவாக இருந்தால் ஆண்டையும் பிழை வரம்பையும் இதிலேயே சேருங்கள். வாக்கியம் நீளம்தான், ஆனால் இதைப் படிப்பவர் அதே கோப்பை எடுத்து உங்கள் எண்ணைத் திரும்ப வரவழைக்க முடியும்.