உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை: மெரினாவில் ஒரு காலை நடை

காமராஜர் சாலையின் பழைய கட்டடங்கள் கிழக்கே கடலைப் பார்த்தவை. காலை வெயில் அவற்றின் முகத்தில் நேராக விழும். மூன்று மணிக்கு மேல் சூரியன் அவற்றின் முதுகுப்பக்கம் போய்விடும். செங்கல்லின் சிவப்பு மங்கி, வளைவுகள் வெறும் நிழலாகத் தெரியும். அதனால் காலை ஆறரைக்கே தொடங்குங்கள். தூரம் இரண்டரை கி.மீ.க்குச் சற்று அதிகம். நின்று பார்த்து நடக்க இரண்டரை மணி நேரம் வேண்டும்.

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியே கடலைப் பார்த்து வந்தால் முதலில் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சாலைப் பக்கம் நின்று படமெடுத்தால் எதிர்வெயிலில் முகங்கள் கறுத்துவிடும். பக்கவாட்டுக்குப் போங்கள். உடல்கள் சாய்ந்திருக்கும் கோணம், முதுகுத் தசையின் இறுக்கம், ஊன்றிய கால் எல்லாம் அங்கிருந்துதான் பிடிபடும். ஒருமுறை முழுதாகச் சுற்றி வராமல் நகராதீர்கள்.

சாலையைக் கடக்கச் சிக்னலையோ சுரங்கப்பாதையையோ மட்டும் பயன்படுத்துங்கள். வண்டிகள் வேகமாக வரும். எதிரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டியது. நான்கு மூலைக் கோபுரங்களின் குவிமாடங்களை முதலில் பாருங்கள், பிறகு கண்ணைத் தூண்களுக்கு இறக்குங்கள். பைசாந்திய (பழைய கிழக்கு ரோமப் பேரரசின்) பாணியும் இந்திய-இஸ்லாமியப் பாணியும் ஒரே சுவரில் கலந்திருப்பது அப்போது புரியும். உள்ளே போக அனுமதி வேண்டும்.

சற்றுத் தெற்கே, 1768இல் கட்டப்பட்ட ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை. பலர் இதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். பின்னாளில் எழுந்த அரசு அலுவலகங்கள் முன்னால் நின்று மறைப்பதுதான் காரணம். இவ்வளவு முக்கியமான கட்டடத்துக்கு இது பெரிய அநியாயம். அந்த அலுவலகங்கள் இருக்கும் எழிலகம் வளாகத்துக்குள் போனால்தான் கிட்டத்தில் தெரியும், அதற்கு அலுவலக நாளில் வர வேண்டும். இரண்டு மகால்களுக்கு நடுவே உயரும் கோபுரம் நவாப் காலத்ததல்ல. அது சிஸம் பின்னர் சேர்த்தது.

அடுத்து மாநிலக் கல்லூரி. அருகே கடற்கரைப் பக்கம் கண்ணகி, 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளுள் ஒன்று. 2001இல் அகற்றப்பட்டு 2006இல் திரும்பி வந்தாள். சிலம்பேந்திய கையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

விவேகானந்தர் இல்லம் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அதனால்தான். வட்டமான முகப்பைக் கவனியுங்கள். பிறகு காந்தி சிலை, இதுவும் ராய் சௌத்ரியின் கைவேலை. மெட்ரோ வேலைக்காகச் சுற்றிலும் தடுப்பு இருந்தால் நடைபாதையோடு ஒட்டியே நடங்கள்.

முடிவில் 1977இல் திறந்த முக்கோண வடிவக் கலங்கரை விளக்கம். மேலே ஏற அனுமதிக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து வடக்கே பார்த்தால் நடந்து வந்த சாலை முழுதும் ஒரே கோடாகத் தெரியும்.

ஜனவரியின் பிற்பாதியில் மட்டும் வராதீர்கள். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகைக்காகக் காலையில் சாலையை அடைத்துவிடுவார்கள்.