மாணவர் விவரங்களைப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி?

பட்டிருப்புக் கல்வி வலயமோ திருக்கோவில் கல்வி வலயமோ, "பின்னேரத்துக்குள் பிள்ளைகளின் விவரம் வேணும்" என்று அழைப்பு வந்தால் ஆசிரியரின் கை போவது வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். அங்கே போட வேண்டாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் தரவையும் உடல்நலத் தரவையும் விசேட வகையில் சேர்த்திருக்கிறது.

யார் கேட்கிறார், எதற்கு, எந்தெந்த விவரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொடுப்பனவுக்கு வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டால், பெற்றோரின் தொழிலும் பிள்ளையின் நோயும் எதற்கு?

அதிகம் பிழை நடப்பது எக்செல் கோப்பில். 'ஹைட்' செய்து மறைத்த நிரலைப் பெறுபவர் ஒரு நொடியில் வெளியே எடுத்துவிடலாம். தேவையான நிரல்களை மட்டும் புதிய கோப்பில் ஒட்டிச் சேமியுங்கள். பிறகு ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் வேர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்ற வரிசையில் போய்ப் பூட்டுங்கள். 'புரொடெக்ட் ஷீட்' போதாது. அது திருத்துவதைத்தான் தடுக்கும், வாசிப்பதை அல்ல. கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையக் கூடாது. பாடசாலைப் பெயரும் ஆண்டும் சேர்த்து வைத்தால் யாரும் ஊகிப்பார்கள். கோப்பு மின்னஞ்சலில் போனால் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். மறந்துபோனால் அந்தக் கோப்பைத் திறக்க வழியில்லை, ஆகவே மூலக் கோப்பு அதிபரின் கணினியில் இருக்கட்டும்.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வாகரைப் பக்கத்துச் சிறிய பாடசாலையொன்றில் 'தரம் 9, வலிப்பு நோய்' என்றாலே பிள்ளை யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். இப்படியான இடத்தில் தரத்தையும் எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

பிரதி எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனால், அங்கே திறந்த வாட்ஸ்அப் வெப்பை உங்கள் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதிக்குப் போய் நீக்குங்கள். டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் கிடக்கும் கோப்பை அழித்துவிட்டே எழும்புங்கள். பாடசாலையில் பிரிண்டர் இருந்தால் கடைக்கே கொண்டுபோகாதீர்கள்.

துன்புறுத்தல் பற்றிய தகவல் எந்தப் பட்டியலிலும் வரக் கூடாது. அதை அதிபரிடமும், 1929 இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடமும் நேரடியாகச் சொல்லுங்கள்.

விவரம் தவறான ஆளுக்குப் போய்விட்டதா? மறைக்காமல் உடனே அதிபருக்குச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் உண்டு, ஆனால் அதற்குள் ஒருவரின் கேலரியில் சேமிக்கப்பட்ட படம் அப்படியே இருக்கலாம். பெற்றவரை அழைத்து, அங்கிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வேறு யாருக்காவது அனுப்பினாரா என்றும் கேட்டு, நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.