அக்னி நட்சத்திரமும் என் வேர்க்குருவும்

மே மாதச் சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எனக்கு எதிரி. கடலோர ஈரக்காற்றில் வியர்வை காயவே காயாது. வியர்வை நாளங்கள் அடைபட்டு, வெளியேற முடியாத வியர்வை தோலுக்குள்ளேயே தங்குவதால் வருவதுதான் வேர்க்குரு. முதுகு, கழுத்து, பெல்ட் போடும் இடம் என்று முள்ளாய்க் குத்தும்.

அம்மா நுங்கு நீரைத் தடவிவிட்டார். குளுகுளுவென்று இருந்தது, ஆனால் அடுத்த வியர்வை வரும்வரைதான். பவுடர் இன்னும் மோசம். வியர்வையோடு குழைந்து அப்பிக்கொண்டது. உண்மையில் பலன் தந்தது உடம்பை உலர்வாக வைத்ததுதான். பாலியஸ்டர் சட்டைகளை ஓரங்கட்டிவிட்டு, தொளதொள பருத்திச் சட்டைக்கு மாறினேன். வீடு திரும்பியதும் பச்சைத் தண்ணீரில் குளியல். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஃபேனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் வெற்றுடம்போடு உட்காருவேன். அரிப்புக்குக் கலமைன் லோஷன். சில நாளில் அடங்கிவிட்டது.

தொடை இடுக்கில் வந்தது வேறு. வட்டமாக, விளிம்பு சிவந்து பரவியது. படர்தாமரை! மருந்துக்கடையில் நீட்டிய க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அமுக்கும், உள்ளே பூஞ்சையை வளரவிடும். வாங்காமல் நேரே தோல் மருத்துவரிடம் போனேன். பூஞ்சைக்கான க்ரீம் எழுதித் தந்தார். தடிப்பு மறைந்த பிறகும் அவர் சொன்ன காலம்வரை விடாமல் தடவினேன். துண்டு, உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து உச்சி வெயிலில் காயப்போட்டேன் (அக்னி வெயிலுக்கு அப்படியாவது ஒரு பயன்). இறுக்கமான ஜீன்ஸை அப்புறம் மழைக்காலம்வரை எடுக்கவேயில்லை.