பச்சைப் புள்ளி மட்டும் போதாது: பால், முட்டை இல்லாத சாக்லேட் கேக், கடையிலிருந்து அடுப்பு வரை

பேக்கரியில் ‘எக்லெஸ்’ என்று எழுதியிருந்தால் முட்டை இல்லை, அவ்வளவுதான். கன்டென்ஸ்டு மில்க், தயிர், வெண்ணெய் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் உள்ளே இருக்கும். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது, என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் அதைப் பார்த்ததுமே பாதித் தேடல் முடிந்துவிடும். இந்திய லேபிள் விதிப்படி முட்டை, ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு, பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் நிறம் சேர்ந்த எதற்கும் பச்சைப் புள்ளி போட முடியாது. பால் வகைகள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. எனவே பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் இந்த நான்கைத் தேடினால் போதும்.

பால் பல பெயர்களில் வரும்: மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட், லாக்டோஸ், பட்டர் ஆயில். பொடி எழுத்து முழுவதையும் படிக்க நேரமில்லையென்றால், பட்டியலின் கடைசியில் ஒவ்வாமைக்காகப் போட்டிருக்கும் ‘கன்டெயின்ஸ்’ வரியை முதலில் பாருங்கள். அங்கே ‘மில்க்’ இருந்தால் பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடலாம். ‘மே கன்டெயின்’ என்பது வேறு. அதே ஆலையில் பால் பொருளும் தயாராகிறது என்ற எச்சரிக்கைதான் அது. பால் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருளில்லை. பளபளக்கும் மிட்டாய்களிலும் கேக் அலங்கார உருண்டைகளிலும் 901 (தேன்மெழுகு), 904 (அரக்கு) ஆகிய எண்களைத் தேடுங்கள். பச்சைச் சதுரத்துக்குள் இலையோடு ‘வி’ எழுத்து கொண்ட வீகன் முத்திரைக்கான விதி 2022இல் வந்தது. அது இருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லை என்பதற்காக எதையும் ஒதுக்கிவிடவும் கூடாது. சாதாரண மைதாவுக்கும் கடலை எண்ணெய்க்கும் யாரும் முத்திரை தேடுவதில்லை.

கேக்குக்கு வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் டார்க் சாக்லேட்டில்தான். பெயரில் ‘டார்க்’ இருந்தாலும் பட்டர் ஆயிலோ மில்க் சாலிட்ஸோ சேர்ந்த வகைகள் நிறைய. மார்ஜரினிலும் இதே கதை. இனிப்பில்லாத கோகோ பவுடரில் இந்தத் தொல்லை கிடையாது. டிரிங்கிங் சாக்லேட் பொடியை அதற்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள்; அதில் பெரும்பகுதி சர்க்கரை.

இனி கேக். 8 அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு மைதா 190 கிராம், சர்க்கரை 200 கிராம், கோகோ 25 கிராம், ஆப்ப சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. ஈரப் பொருள்கள்: இனிப்பில்லாத சோயா பால் 240 மி.லி., வெள்ளை வினிகர் 15 மி.லி., வாசனை இல்லாத எண்ணெய் 80 மி.லி., வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி. சோயா பால் கிடைக்காவிட்டால் அதே அளவு தண்ணீர் போதும், இந்த கேக் கெடாது. தேங்காய்ப் பால் என்றால் இரண்டாம் பால் எடுங்கள். முதல் பாலின் கொழுப்பும் எண்ணெயும் சேர்ந்தால் கேக் பிசுபிசுக்கும்.

ஓவனை 180 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கி, தட்டில் எண்ணெய் தடவித் தாள் போட்டுத் தயாராக வைத்துவிடுங்கள். மாவைக் கலந்தபின் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. சோயா பாலில் வினிகரை ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே மெல்லிய திரிகள் தெரியும். மைதா, கோகோ, ஆப்ப சோடா மூன்றையும் சேர்த்துச் சலித்து, சர்க்கரையும் உப்பும் கலந்துகொள்ளுங்கள். எண்ணெயையும் எசென்ஸையும் பாலில் சேர்த்து, மாவின் மேல் ஒரே தடவையில் ஊற்றுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். கிளறக் கிளற மைதாவின் குளூட்டன் இறுகி, கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

முட்டை இல்லாததால் இந்த கேக் உப்புவது வினிகரும் சோடாவும் சேர்ந்து கிளப்பும் வாயுவால்தான். ஈரம் பட்ட நொடியிலேயே அது தொடங்கிவிடும். கலந்த மாவை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், வாயு வெளியேறி அடியில் களி போலப் படியும். நேராக ஓவனுக்குள் போகட்டும். 30 முதல் 35 நிமிடம். நடுவில் குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரிரு துணுக்கு ஒட்டலாம்.

நடுப்பகுதி குழிந்தால் முதல் 25 நிமிடத்துக்குள் கதவைத் திறந்தீர்களா என்று யோசியுங்கள். இல்லையென்றால் வேக்காடு போதவில்லை, அல்லது சோடாவைக் குவித்து அளந்திருப்பீர்கள். சோப்பு வாடை வந்தாலும் சோடா கூடியதே காரணம். தலைதட்டிய தேக்கரண்டிதான் கணக்கு. மேற்புறம் வெடித்துக் கருகி, உள்ளே வேகாமல் இருந்தால் சூடு அதிகம். சின்ன ஓடிஜிக்களில் (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்கள்) திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போகாது. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். முட்டைக்குப் பதிலாகச் சேர்க்கும் விலையுயர்ந்த எக் ரீப்ளேசர் பொடியைவிட அதுதான் உங்கள் கேக்கைக் காப்பாற்றும்.

பத்து நிமிடம் தட்டிலேயே விட்டுப் பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். முழுக்க ஆறும் முன் வெட்டினால் கத்தியில் அப்பிக்கொள்ளும். சூரியகாந்தி எண்ணெயில் செய்தது ஃபிரிட்ஜில் வைத்தாலும் மெத்தென்றே இருக்கும். தேங்காய் எண்ணெயில் செய்தது உறைந்து கெட்டியாகும். அதைச் சாப்பிட அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.